முப்பந்தலில் ஹீட்டர் போட்ட நாள்

கறுப்பு டேப்பில் ஒரு துண்டு,
சுண்டுவிரல் நகம் அளவு.
பார்வதிபுரம் யார்டில் மீட்டர் கண்ணாடிமேல்
நான்தான் ஒட்டினேன்.
இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு
அதற்குப் பின்னால் எரிந்துகொண்டே இருந்தது,
போர்வைக்குள் டார்ச் அடிக்கும் பையன்போல.

கார் சிவப்பு. இரண்டே சீட்டு.
தரைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை,
வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிற்றைத் தேய்த்துக்கொள்ளும்.
பல் டாக்டர் பெர்லின் ஞானையா
நாலு வருசத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டினாராம்.
மீட்டரும் அப்படித்தான் சொன்னது.
அதில் நான் கை வைக்கவில்லை,
அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வாங்க வந்தவள் ஆல்பின் ரோஸி,
கடியபட்டணம்.
பன்னிரண்டு வருசம் குவைத்தில் ஐசியூ நர்ஸ்.
பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.
நான் சாவியைத் திருப்பும்போது
ரோட்டைப் பார்க்காமல் டேஷ்போர்டைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளமடம்வரை ஏசி பதினெட்டில்.
தோவாளையில் பிச்சி ஏற்றின ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தது,
கண்ணாடி ஏற்றியிருந்தும் மணம் உள்ளே வந்துவிட்டது.
பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போது முள்ளைப் பார்த்தேன்.
நடுவில் நிற்க வேண்டியது
சிவப்புக் கோட்டுக்கு ஒரு நெல் தள்ளி நின்றது.

ஏசியை அணைத்தேன்.
"காத்து நல்லா இருக்குல்லா, அதான்."
ஆரல்வாய்மொழியில் காற்றைப் பற்றி
யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.
பொட்டல் முழுக்கக் காற்றாடிகள்,
வானத்தை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தன.
எங்கள் பானெட்டுக்குள்
ஒரு முழ விசிறி ஒன்று
சும்மா நின்றுகொண்டிருந்தது.

இன்னும் ஒரு வழி பாக்கி.
ஹீட்டரை முழுசாகத் திறந்தேன்.
ஷோரூமிலிருந்து வந்த நாள்முதல்
யாரும் தொடாத திருகு அது,
இந்த ஊரில் அதற்கு என்ன வேலை?
தூசியும் ரப்பரும் வேகிற வாடையோடு
அனல் எங்கள் முகத்துக்கு வந்தது.
மே மாசம், பகல் ஒன்றரை மணி,
அவித்த பனங்கிழங்குபோல இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.
முள் ஒரு நூல் இறங்கியது.
பிறகு இன்னொரு நூல்.

"இது எதுக்கு?"
"இன்ஜினுக்க சூட்டை நாம வாங்கணும்.
இல்லேன்னா ஹெட் போயிரும்."
சொல்லி முடித்த பிறகுதான்
சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

இசக்கியம்மன் கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால்
ஓரம் கட்டினேன்.
செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார் நுங்குக்காரர்.
"மூடியைத் தொறந்திராதீங்க அண்ணே, முகம் வெந்துரும்."
பானெட்டின்மேல் புறங்கையை வைத்து எடுத்தாள்.
"முக்கால் மணி நேரம்."
ஆளுக்கு மூன்று நுங்கு தின்றோம்.
காசு அவள் கொடுத்தாள்.

ஆறின பிறகு
சாவியைப் பாதி திருப்பச் சொன்னாள்.
"பாரும். மூணு செகண்டு எல்லா விளக்கும் எரியும்.
பேர் வாசிச்சா ஆஜர் சொல்லுதது மாதிரி.
எண்ணெய், பேட்டரி, பிரேக்கு, எல்லாம் சொல்லிச்சு.
ஒண்ணு மட்டும் சொல்லல.
பார்வதிபுரத்துலயே பாத்தேன்."

"பின்ன ஏன் கேக்கல?"

"ராத்திரி ட்யூட்டியில
அலாரத்தை அமத்திப் போட்டுட்டு உறங்கினவங்களை எனக்குத் தெரியும்.
நானும் ஒருநாள்..."
அதோடு நிறுத்தி
நுங்குத் தோட்டைக் காட்டுக்குள் வீசினாள்.
காற்று அதை நேராகப் போகவிடவில்லை.

நகத்தால் டேப்பை உரித்து என் கையில் தந்தாள்.
"ஒண்ணேகால் லட்சம் குறைச்சுக்கிடும்.
விசிறிய நான் மாத்திக்கிடுவேன்."

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தம்,
கண்ணாடி இரண்டும் கீழே.
மஞ்சள் விளக்கு எரிந்தபடியே வந்தது,
பசை ஒட்டின இடத்தில் கொஞ்சம் மங்கலாக.
நான் பக்கத்து சீட்டில்,
பெருவிரலில் ஒட்டின டேப்பை
ஆள்காட்டி விரலுக்கும்
ஆள்காட்டி விரலிலிருந்து பெருவிரலுக்கும் மாற்றிக்கொண்டே
வெள்ளமடம் வரை.